கட்டளை வரியிலிருந்து மின்னஞ்சல் போகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொங்கு நாட்டில் ஆள் துணையின்றி மின்னஞ்சல் அனுப்பும் கணினிகள் ஏராளம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு நகலெடுப்பு (பேக்கப்) முடிந்ததும் முதலாளிக்கு ஒரு கடிதம் போகும். பல்லடத்து நூல் மில்லில் ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் உற்பத்திக் கணக்கு போகும். நாமக்கல் கோழிப்பண்ணையில் கொட்டகையின் வெப்பம் எல்லை தாண்டினால் எச்சரிக்கை போகும். இவை அனைத்துக்கும் பின்னால் இருப்பது பெரும்பாலும் மூலையில் ஓடும் ஒரு லினக்ஸ் பெட்டி, சில வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட், வெளியே எங்கோ இருக்கும் ஒரு மின்னஞ்சல் சர்வர்.

இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் பழுதாவதுதான் கவலை தருகிறது. எச்சரிக்கை வரவில்லை என்றால் கொட்டகையில் கோளாறு இல்லை என்றே பண்ணைக்காரர் எடுத்துக்கொள்வார். மாதக்கணக்கில் நகலெடுப்பு தோற்றுக்கொண்டிருந்தது என்பது வட்டு கெட்ட பிறகுதான் கணக்குப் பிரிவுக்குத் தெரியவரும். ஆகவே இதைச் சின்ன வேலை என்று தள்ளிவிட முடியாது.

கீழே சொல்வதெல்லாம் டெபியன் அல்லது உபுண்டுவில் கடிதத்தைச் சர்வரிடம் ஒப்படைக்கும் எம்எஸ்எம்டிபி என்ற சிறு நிரலை வைத்து, ஜிமெயில், மைக்ரோசாஃப்ட் 365, அல்லது டொமைன் வாங்கிய இடத்தில் கிடைத்த சர்வர் வழியாக அனுப்புகிறவர்களுக்கு. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற பெரிய மின்னஞ்சல் நிரலை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

எதையும் மாற்றும் முன்பு

அமைப்புக் கோப்பைத் திறக்காதீர்கள். கடிதம் அனுப்பும் அதே கட்டளையை 'டீபக்' விருப்பத்துடன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடக்கும் உரையாடல் முழுவதும் திரையில் ஓடும்.

மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறையை ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டது 1982-இல். சர்வரின் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணில் தொடங்கும் என்ற அன்றைய விதி இன்றும் மாறவில்லை. நல்லபடியாகப் போனால் வரிசை இப்படி இருக்கும்: தொடர்பு கிடைத்ததும் 220. வணக்கத்துக்கு 250. கடவுச்சொல் ஏற்கப்பட்டால் 235. அனுப்புநர் முகவரிக்கும் பெறுநர் முகவரிக்கும் தலா ஒரு 250. கடிதத்தை அனுப்பலாம் என்பதற்கு 354. முழுவதும் பெற்றுக்கொண்டதும் மறுபடி 250. நான்கில் தொடங்கும் எண் வந்தால் பிறகு முயன்று பார்க்கலாம் என்று பொருள். ஐந்தில் தொடங்கினால் இதே கடிதத்தை இதே விதமாக எத்தனை முறை அனுப்பினாலும் ஏற்கமாட்டார்கள்.

தறியில் இழை அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று பார்த்து முடிச்சுப் போடுவார்களே தவிர, பாவு முழுவதையும் கழற்ற மாட்டார்கள். இங்கேயும் கடைசியாக வந்த நல்ல எண் எது என்று பார்த்தால் பழுது எங்கே என்று தெரிந்துவிடும். போர்ட்டையும் கடவுச்சொல்லையும் டிஎல்எஸ் (மறையாக்க) வரிகளையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பார்ப்பவர்கள், ஒரு பழுதோடு தொடங்கி மூன்று பழுதோடு முடிக்கிறார்கள்.

அறிகுறி: கட்டளை அப்படியே நிற்கிறது, பிறகு நேரம் கடந்துவிட்டது என்கிறது

220 வரவே இல்லை. அப்படியானால் கடவுச்சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் சந்தேகம் போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசலைத் தட்டுகிறோம் என்பது. அமைப்புக் கோப்பில் போர்ட் வரியை எழுதாமல் விட்டால், ஸ்டார்ட்டிஎல்எஸ் முறையில் (விளக்கம் கீழே) எம்எஸ்எம்டிபி தானாக 25-ஐத் தட்டும். 25 என்பது ஒரு மின்னஞ்சல் சர்வர் இன்னொரு மின்னஞ்சல் சர்வருடன் பேசுவதற்கான வாசல். வீட்டு இணைப்புகளிலும் வாடகைச் சர்வர்களிலும் ஸ்பேம் எனும் எரிதங்களைத் தடுப்பதற்காக அதை அடைத்து வைப்பது உலக வழக்கம். உங்களைப் போல் பயனர் பெயரோடு வந்து கடிதம் கொடுப்பவர்களுக்கு 587-உம் 465-உம் இருக்கின்றன.

இரண்டாவது சந்தேகம் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவது. 587-இல் உரையாடல் வெளிப்படையாகத் தொடங்கி, நடுவில் ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல்லி மறையாக்கத்துக்கு மாறும். 465-இல் முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம். எம்எஸ்எம்டிபியில் ஸ்டார்ட்டிஎல்எஸ் இயல்பாகவே செயலில் இருக்கும். நீங்கள் போர்ட்டை மட்டும் 465 என்று மாற்றிவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியை 'ஆஃப்' என்று எழுதாமல் விட்டால், உங்கள் பக்கம் சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று காத்திருக்கும். சர்வரோ நீங்கள் மறையாக்கத்தைத் தொடங்கட்டும் என்று காத்திருக்கும். இருவரும் பேசாமல் நேரம் போய்விடும். இணையவழிக் குறிப்பு ஒன்றிலிருந்து பாதி, இன்னொன்றிலிருந்து பாதி என்று எடுத்து ஒட்டிய அமைப்புக் கோப்புகளில் இந்தப் பழுதுதான் மிகுதி.

எண்கள் சரியாக இருந்தும் நிற்கிறதா? போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் நெட்கேட் கொண்டு சர்வரின் 587-ஐத் தட்டிப் பாருங்கள். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகிறது, அலுவலக இணைப்பில் போகவில்லை என்றால் பழுது உங்கள் கணினியில் இல்லை. மில்களிலும் ஏற்றுமதி நிறுவனங்களிலும் வாசலில் ஃபயர்வால் பெட்டி இருக்கும். இணையம் பார்ப்பதற்கான 80, 443 தவிர மற்றதை மூடி வைத்திருப்பார்கள். அதைப் பராமரிப்பவரிடம், இந்த ஒரு கணினியிலிருந்து இந்த ஒரு சர்வரின் 587-க்கு மட்டும் வழி விடுங்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று கேட்காதீர்கள்.

நிற்கிறது, ஆனால் ஒரு நிமிடமோ இரண்டோ கழித்துப் போய்விடுகிறது என்றால் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐப் பாருங்கள். கணினிக்கு ஐபிவி6 முகவரி இருந்தும் அந்தப் பாதை வெளியே திறக்காத இணைப்புகள் உண்டு. முதலில் அந்த வழியில் முயன்று தோற்ற பிறகே ஐபிவி4 வழிக்கு வரும். நெட்கேட்டில் ஐபிவி4 மட்டும் என்ற விருப்பத்துடன் உடனே தொடர்பு கிடைத்தால் காரணம் உறுதி.

சர்வர் பெயரே கிடைக்கவில்லை என்ற பிழை வந்தால், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்தான் காரணம். பெயரில் எழுத்துப் பிழையும் முன்னால் பின்னால் ஒட்டிய இடைவெளியும் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் ரிசால்வ் கோப்பைச் சரிபாருங்கள்.

அறிகுறி: டிஎல்எஸ் பிழை, சான்றிதழ் பிழை

'தவறான பதிப்பு எண்' என்றோ 'எதிர்பாராத டிஎல்எஸ் பொட்டலம்' என்றோ பிழை வந்தால், அது மேலே சொன்ன போர்ட் குழப்பத்தின் மறுபக்கம். 587-இல் முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம் தொடங்க முயன்றிருக்கிறீர்கள். சர்வர் வெளிப்படையாகச் சொன்ன 220 வணக்கத்தை உங்கள் நிரல் மறையாக்கப் பொட்டலம் என்று நினைத்துப் படித்துத் தடுமாறுகிறது.

சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்று வந்தால், சர்வரைக் குறை சொல்லும் முன்பு டேட் கட்டளையை ஓட்டுங்கள். நம் பக்கத்துப் பட்டறைகளிலும் ஈரோட்டு மஞ்சள் கிடங்குகளிலும் பத்தாண்டு பழைய கணினிகள் இன்னும் உழைக்கின்றன. அவற்றின் மதர்போர்டில் இருக்கும் நாணய அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் பிறந்தே இருக்காது. பேட்டரியை மாற்றுங்கள், இணையவழியாக நேரம் தரும் என்டிபி வழியாக நேரம் ஒத்திசைகிறதா என்று டைம்டேட்சிடிஎல் கட்டளை கொண்டு பாருங்கள். மின்வெட்டுக்கு மறுநாள் மட்டும் மின்னஞ்சல் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது கடிகாரத்தைத்தான்.

சான்றிதழை வழங்கியவர் யார் என்று தெரியவில்லை என்றால் சிஏ சர்டிஃபிகேட்ஸ் தொகுப்பு நிறுவப்படவில்லை, அல்லது பழையதாகிவிட்டது. தொகுப்பு புதிதாக இருந்தும் அதே பிழை வந்தால், வாசலில் இருக்கும் ஃபயர்வால் மறையாக்கத்தை இடையில் பிரித்துப் பார்த்துத் தன் சான்றிதழைக் காட்டக்கூடும். ஓப்பன்எஸ்எஸ்எல் கொண்டு நேரடியாகத் தொடர்புகொண்டு, சான்றிதழ் யார் பெயரில் வருகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயர் பொருந்தவில்லை என்ற பிழை, டொமைனோடு மின்னஞ்சலும் சேர்த்து வாங்கியவர்களுக்கு வரும். கோவையில் ஒரு பம்ப் பட்டறைக்கு டொமைன் கொடுத்த நிறுவனம், 'மெயில்' என்ற சொல்லோடு உங்கள் டொமைனைச் சேர்த்தால் அதுதான் சர்வர் பெயர் என்று எழுதிக் கொடுத்திருந்தது. சான்றிதழோ அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருந்தது. சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதையே ஹோஸ்ட் வரியில் எழுதினால் போதும்.

சான்றிதழ்ச் சோதனையை அணைத்துவிடுங்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சோதனையை அணைத்த நிமிடத்திலிருந்து, இடையில் இருக்கும் எவரும் நான்தான் சர்வர் என்று சொல்லி உங்கள் கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கடவுச்சொல்தான் ஏற்றுமதியாளரின் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தின் சாவி. வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி எழுதிய போலி இன்வாய்ஸ் அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் தேடுவது இப்படிப்பட்ட திறந்த கதவைத்தான்.

அறிகுறி: 535, கடவுச்சொல் ஏற்கப்படவில்லை

கடவுச்சொல் சரிதான், உலாவியில் உள்ளே போக முடிகிறது என்பார்கள். உண்மையாகவே சரியாக இருக்கலாம். ஆனால் இந்த வாசலில் அந்தக் கடவுச்சொல் செல்லாது.

தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல்லோடு வெளி நிரல்கள் நுழையும் வழியை கூகுள் 2022 மே மாத இறுதியில் மூடிவிட்டது. இப்போது இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அதன்பின் செயலிக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்க வேண்டும். அது 16 எழுத்து. திரையில் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள். இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதுங்கள். செயலிக் கடவுச்சொல் தேவை என்பதைச் சொல்லும் 534 5.7.9 வந்தால் சர்வர் இதைத்தான் கேட்கிறது. பயனர் பெயர் என்ற இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும்.

நேற்றுவரை போனது, இன்று 535 என்றால், யாரோ அந்தக் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதை மாற்றியதும் கூகுள் செயலிக் கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடும். அலுவலர் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் கடவுச்சொல்லை மாற்றுவது நல்ல பழக்கம்தான்; மூலையில் இருக்கும் லினக்ஸ் பெட்டி ஒன்று அதே கணக்கை நம்பியிருக்கிறது என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கை அனுப்புவதற்கென்று தனிக் கணக்கு வைப்பதே நல்லது.

மைக்ரோசாஃப்ட் 365-இல் 535 5.7.139 வந்து, அந்த வரியிலேயே எஸ்எம்டிபி நுழைவு முடக்கப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால், கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பயனில்லை. நிர்வாகி அந்த ஒரு அஞ்சல்பெட்டிக்கு அனுமதி தர வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கொண்டு நுழையும் முறையை மைக்ரோசாஃப்ட் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. புதிதாக அமைப்பவர்கள், கடவுச்சொல்லுக்குப் பதில் அனுமதிச் சீட்டு கொண்டு நுழையும் ஓஆத் முறைக்கே போய்விடுவது நல்லது. இந்தச் சர்வரில் 587-ஐப் பயன்படுத்துங்கள், 465-ஐத் தட்டாதீர்கள்.

கணக்கும் சரி, கடவுச்சொல்லும் சரி, ஆனாலும் 535 என்றால் கண்ணுக்குத் தெரியாத எழுத்தைத் தேடுங்கள். கையால் சோதிக்கும்போது கடவுச்சொல்லை, சர்வர் கேட்கும் பேஸ்64 குறியேற்றத்துக்கு மாற்ற எக்கோ கட்டளையைப் பயன்படுத்தினால், அது கடைசியில் ஒரு வரிமுறிவைச் சேர்த்துவிடும். கடவுச்சொல் ஒரு எழுத்து நீண்டுவிடும். பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள். கடவுச்சொல்லை ஒரு கோப்பில் வைத்து ஸ்கிரிப்ட் படிக்கிறது, அந்தக் கோப்பு விண்டோஸ் நோட்பேடில் தட்டப்பட்டது என்றால், வரியின் முடிவில் இன்னொரு மறைந்த எழுத்து இருக்கும். கேட் கட்டளையின் பெரிய ஏ விருப்பம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஓப்பன்எஸ்எஸ்எல் வழியாகக் கையால் பேசிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெறுநர் கட்டளையைப் பெரிய எழுத்தில் தட்டினால் தொடர்பு கலைந்துபோகும். வரியின் தொடக்கத்தில் வரும் பெரிய 'ஆர்' எழுத்தை அந்த நிரல் தனக்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளும். சின்ன எழுத்தில் தட்டுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் ஸ்வாக்ஸ் என்ற நிரலை நிறுவிக்கொள்ளுங்கள். எஸ்எம்டிபி சோதனைக்கு அதைவிடத் தெளிவான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

அறிகுறி: உள்ளே போனேன், ஆனால் 553, 554

தொடர்பு கிடைத்துவிட்டது, 535-உம் வரவில்லை, அதற்குப் பிறகு தடை. அனுப்புநர் முகவரி உங்களுக்குச் சொந்தமில்லை என்று 553 சொன்னால், நுழைந்த கணக்கு ஒன்று, ஃப்ரம் வரியில் இருக்கும் முகவரி வேறொன்று. ஸ்கிரிப்ட் பல நேரங்களில் ரூட் என்ற பெயரோடு கணினியின் பெயரைச் சேர்த்து அனுப்பும். எம்எஸ்எம்டிபியின் ஃப்ரம் வரி உறைமேல் இருக்கும் முகவரியை (சர்வரிடம் சொல்லும் அனுப்புநர் முகவரியை) மட்டும்தான் சரிசெய்யும். கடிதத்தின் உள்ளே இருக்கும் ஃப்ரம் வரியை ஸ்கிரிப்டில் நீங்களே எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

'ரிலே அக்சஸ் டினைட்' என்று 554 வந்தால் நீங்கள் கடவுச்சொல் கொடுக்காமலே உள்ளே வந்திருக்கிறீர்கள். ஆத் வரி விடுபட்டிருக்கும். தன் டொமைனுக்கு வரும் கடிதத்தை எவரிடமிருந்தும் வாங்கும் சர்வர், வெளியே போகும் கடிதத்தைத் தெரிந்தவரிடமிருந்து மட்டுமே வாங்கும். அதனால்தான் அலுவலக முகவரிக்குப் போகிறது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகவில்லை என்ற விசித்திரம். முதலில் ஸ்டார்ட்டிஎல்எஸ் சொல் என்று கேட்கும் 530 வந்தால் டிஎல்எஸ் வரி 'ஆன்' ஆகவில்லை.

அறிகுறி: கையால் ஓட்டினால் போகிறது, குரோனில் போகவில்லை

எல்லாப் பழுதுகளிலும் ஆளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். பகலில் உட்கார்ந்து சோதித்தால் கடிதம் உடனே போய்ச் சேர்கிறது. இரவு மட்டும் நிற்கிறது. சர்வரிலும் கணக்கிலும் குறையே இல்லை. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது குரோன்; அது ஓட்டும்போது சூழல் வேறு.

யார் பெயரில் ஓடுகிறது என்பது முதல் கேள்வி. உங்கள் வீட்டு அடைவில் இருக்கும் எம்எஸ்எம்டிபிஆர்சி கோப்பு, ரூட்டின் குரோனுக்குத் தெரியாது. அது ரூட்டின் அடைவில் தேடும். எல்லோருக்கும் பொதுவாக இட்சி அடைவில் வைக்கலாம். ஆனால் அங்கே கடவுச்சொல்லை வெறுமனே எழுதி எல்லோரும் படிக்கும்படி விட்டுவிடாதீர்கள். வீட்டு அடைவில் வைத்தால் உரிமை 600 (உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும்) என்று இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்து உள்ளே கடவுச்சொல்லும் இருந்தால் எம்எஸ்எம்டிபி ஓட மறுக்கும். மறுப்பது சரியே.

கடவுச்சொல்லை ஜிபிஜி கொண்டு பூட்டி, பாஸ்வேர்டுஇவல் வரியால் எடுக்கிறீர்களா? பகலில் நீங்கள் ஒருமுறை திறந்து வைத்த சாவி நினைவகத்தில் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அது மறந்திருக்கும், கேட்டால் சொல்ல ஆளும் இருக்காது. ஆளில்லாத பெட்டிக்கு 600 உரிமை கொண்ட கோப்பும், அந்த ஒரு வேலைக்கு மட்டுமான செயலிக் கடவுச்சொல்லும் நேர்மையான ஏற்பாடு.

குரோனின் பாத், அதாவது நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியல், மிகக் குறுகியது. நிரலை யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் நிறுவியிருந்தால் குரோன் அதைக் காணாது. முழுப் பாதையையும் எழுதுங்கள். குரோன்டேப் வரியில் சதவீதக் குறி வந்தால் அது வரிமுறிவாக மாறிவிடும் என்பது பலர் அறியாதது. கடிதத் தலைப்பில் தேதி சேர்க்க டேட் கட்டளையை அங்கேயே எழுதியிருந்தால் கட்டளை பாதியில் வெட்டுப்படும். சதவீதத்துக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு இடுங்கள். அல்லது எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் வைத்து அதை மட்டும் குரோனில் அழையுங்கள்.

உபுண்டுவில், நிரல்கள் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் காவலும் உண்டு. பதிவுக் கோப்பை வழக்கமில்லாத இடத்தில் வைத்தாலோ, கடவுச்சொல்லுக்காக வேறு நிரலை அழைத்தாலோ அது தடுக்கும். உரிமைகள் எல்லாம் சரியாக இருந்தும் 'அனுமதி இல்லை' என்று வரும். கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் ஆப்ஆர்மர் என்ற சொல்லைத் தேடுங்கள்.

எம்எஸ்எம்டிபியில் லாக்ஃபைல் வரியை எழுதி வையுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி: எந்தச் சர்வர், யாருக்கு, எவ்வளவு பெரிய கடிதம், என்ன எண். காலையில் அந்த ஒரு வரியைப் பார்த்தால் இரவு என்ன நடந்தது என்று தெரியும். வரியே இல்லை என்றால் மின்னஞ்சலை விட்டுவிட்டுக் குரோனைப் பாருங்கள்.

அறிகுறி: 250 வந்துவிட்டது, கடிதம் வரவில்லை

250 என்பது முதல் சர்வர் பொறுப்பேற்றுக்கொண்டதற்கான ரசீது. அதற்குமேல் நடப்பது வேறு கதை.

முதலில் எரிதப் பெட்டியைப் பாருங்கள். அங்கே இருந்தால் ஜிமெயிலில் அசல் செய்தியைக் காட்டும் பக்கத்தைத் திறங்கள். கடிதம் உண்மையில் அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள் மூன்றிலும் தேறியதா இல்லையா என்று மேலேயே எழுதியிருக்கும். உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப் பதிவில் நீங்கள் இப்போது பயன்படுத்தும் சர்வரின் பெயர் இல்லை என்றால் தேறாது. பழைய நிறுவனத்தின் பதிவை விட்டுவைத்துப் புதியதற்கு இன்னொரு பதிவு சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒரே வரியில் இணைத்து எழுதுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்தச் சோதனைகளை இறுக்கியிருக்கின்றன.

எரிதத்திலும் இல்லையா? திரும்பி வந்த கடிதத்தைத் தேடுங்கள். அது உறைமேல் எழுதிய முகவரிக்குத்தான் வரும். யாரும் திறக்காத பெட்டியாக அது இருந்தால் காரணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். கடிகாரம் தவறியிருந்த நாளில் அனுப்பியது என்றால், கடிதம் பழைய தேதியோடு அஞ்சல்பெட்டியின் அடியில் கிடக்கவும் கூடும்.

அறிகுறி: கடிதம் வந்தது, உள்ளே கோளாறு

தமிழ் எழுத்துகள் சிதைந்து வருவதும், உரை இருக்க வேண்டிய இடத்தில் பொருளில்லாப் பெயரோடு ஒரு 'பின்' கோப்பு இணைந்து வருவதும் ஒரே பழுதின் இரண்டு முகங்கள். கடிதத்தை உருவாக்கும் மெயில்எக்ஸ் நிரல் தன் மொழிச் சூழலைப் பார்த்துத்தான் உரையின் குறியேற்றத்தைத் தீர்மானிக்கிறது. குரோனில் மொழிச் சூழல் வெறுமையாக இருந்தால், தமிழ் எழுத்தைக் கண்டதும் இது உரையே அல்ல என்று முடிவு கட்டி இணைப்புக் கோப்பாக அனுப்பிவிடும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 மொழிச் சூழலை அறிவியுங்கள். விண்டோஸிலிருந்து வந்த அறிக்கையில் வரிமுடிவு எழுத்துகள் ஒட்டியிருந்தாலும் இதே நடக்கும். அவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கடிதத்தை நீங்களே முழுவதும் எழுதுவதானால், உள்ளடக்க வகை வரியில் யூடிஎஃப்-8 என்று சொல்லி, தமிழ்த் தலைப்பை பேஸ்64 குறியேற்றத்தில் எழுத வேண்டும்.

தலைப்பு உரைக்குள் வந்துவிட்டது, அல்லது முதல் வரி காணவில்லை என்றால், தலைப்பு வரிகளுக்கும் உரைக்கும் நடுவில் விட வேண்டிய வெற்று வரி இல்லை, அல்லது தவறான இடத்தில் இருக்கிறது.

552 வந்தால் கடிதம் பெரிது. கரூரிலிருந்து துணி மாதிரிப் படங்களை அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. பேஸ்64 எதையும் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஆகவே படங்கள் 18 எம்பிக்குள் இருக்கட்டும். எம்எஸ்எம்டிபியின் சர்வர்இன்ஃபோ விருப்பம் அந்தச் சர்வர் ஏற்கும் பெரும அளவைச் சொல்லிவிடும்.

அறிகுறி: சில நேரம் போகிறது, சில நேரம் இல்லை

421, 451 போன்றவை 'பிறகு வா' என்பவை. பிறகு போவதற்கு எம்எஸ்எம்டிபி நினைவில் வைத்துக்கொள்ளாது; அதற்கு வரிசை கிடையாது. தோற்றால் பிழை எண்ணைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். உடுமலைக் காற்றாலைகளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில்தான் உற்பத்தி மிகுதி. அந்தக் காலத்து அறிக்கைகளே முக்கியம். அங்கே இணைப்பு கைப்பேசி அலைவரிசையை நம்பியது. அலை விட்ட நேரத்தில் அனுப்பிய அறிக்கை தொலைந்துதான் போகும். இப்படிப்பட்ட இடத்தில் எம்எஸ்எம்டிபியோடு வரும் வரிசை ஸ்கிரிப்டைப் பயன்படுத்துங்கள், அல்லது போஸ்ட்ஃபிக்ஸுக்கு மாறுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் கடிதத்தை வட்டில் வைத்துக்கொண்டு, இயல்பாக ஐந்து நாள்வரை விடாமல் முயலும்.

அதில் வழக்கமாகத் தடுக்குவது இரண்டு இடம். ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். கடவுச்சொல் கோப்பிலும் எழுத்து மாறாமல் அப்படியே. மாற்றிய பிறகு, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள். 'முறை எதுவும் கிடைக்கவில்லை' என்று சாஸ்ல் (கடவுச்சொல் நுழைவு) பிழை வந்தால் லிப்சாஸ்ல்2 மாட்யூல்ஸ் தொகுப்பை நிறுவுங்கள். மெயில்க்யூ கட்டளை தேங்கிய கடிதங்களையும் காரணத்தையும் காட்டும்.

தினமும் காலையில் போகிறது, மாலையில் 550 5.4.5 என்றால் ஜிமெயிலின் நாள் வரம்பு தீர்ந்துவிட்டது. இலவசக் கணக்குக்கு ஒரு நாளைக்கு 500. மஞ்சள் விலை நிலவரத்தை வியாபாரிகள் எல்லோருக்கும் அனுப்ப இது ஏற்ற வழி அல்ல. அதற்கு மொத்த மின்னஞ்சல் சேவை ஒன்றை எடுங்கள். எச்சரிக்கைக் கணக்கை அதோடு கலக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வேறொருவரிடம் உதவி கேட்க நேர்ந்தால், டீபக் வெளியீட்டை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ஆத் வரிக்குப் பின்னால் புரியாத எழுத்துகளாகத் தெரிவது பேஸ்64. அது பூட்டு அல்ல, எவரும் ஒரே கட்டளையில் அதைக் கடவுச்சொல்லாக மாற்றிவிடலாம். அந்த வரியை அழித்துவிட்டு, மற்ற எண்களையும் சர்வர் சொன்ன வாசகத்தையும் ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் அந்தச் செயலிக் கடவுச்சொல்லை இப்போதே ரத்து செய்து புதிதாக ஒன்று உருவாக்குங்கள்.